டெய்சி தவறவிட வேண்டிய பந்து

"எப்பவும் போல போடு" என்று டெய்சியிடம் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய் நின்றேன்.

கூரை போட்ட பெரிய அரங்கம். பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய சில விநாடிகளே இருந்தன. டெய்சிக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று ஏற்கெனவே வீண். கையில் இருந்தது கடைசி ஒன்று.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரணி நம்மை முறைகேடாகத் தடுத்தால் ரெஃப்ரி விசில் ஊதி நம்மை ஒரு கோட்டில் நிற்க வைப்பார். யாரும் குறுக்கே வரமாட்டார்கள். நின்று நிதானமாக ரிங்கைப் பார்த்துப் போட வேண்டியதுதான். உள்ளே போனால் ஒரு புள்ளி. அதுதான் ஃப்ரீ த்ரோ.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் பந்து உள்ளே போனால் ஒரு புள்ளி கிடைக்கும். அப்போதும் எங்களுக்கு ஒன்று குறையும், பந்தும் அவர்கள் கைக்குப் போய்விடும். ரிங்கில் பட்டு வெளியே தெறித்தால்தான் நாங்கள் பாய்ந்து பிடித்து, மறுபடி போட்டு, இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்யலாம். ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல தவறு.

அதற்கு டெய்சியைவிடப் பொருத்தமான ஆள் வடசென்னையிலேயே கிடையாது. அவள் ஃப்ரீ த்ரோ போட்டு உள்ளே போனால் எங்கள் மைதானத்தில் பிஸ்கட் வாங்கித் தரவேண்டும் என்று ஒரு வழக்கமே இருந்தது. யாருக்கும் பெரிய செலவு வந்ததில்லை.

ஒரு ரிங் மைதானம்

போன வாரம் இந்தப் பத்தியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் திட்டி எழுதியிருந்தேன். ஒரு லாரி ஓட்டுநர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து என்னைத் திட்டினாராம். நியாயம்தான். வெயிலில் நாள் முழுக்க நிற்பது அவர்தானே. அந்த லாரிகளுக்கும் கடலுக்கும் நடுவில், திருவொற்றியூரில்தான் எங்கள் மைதானம். சிமென்ட் தரை. விளையாடும் முன் தூசியைப் பெருக்கித் தள்ளவேண்டும்.

இரண்டு பக்கமும் ரிங் இருந்தது என்னவோ உண்மை. தெற்குப் பக்க ரிங்கைப் பையன்கள் தொங்கித் தொங்கி வளைத்துவிட்டார்கள். மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. எனவே பயிற்சியெல்லாம் வடக்கு ரிங்கில்தான். வேலை முடிந்து, கல்லூரி முடிந்து எல்லாரும் வந்து சேர மாலையாகிவிடும். அந்த நேரத்தில் வலது பக்கமிருந்து கடல்காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். காற்று திசை மாறினால் மணலி எண்ணெய் ஆலை வாசனை வரும். அன்றைக்குச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம்.

எங்களைப் பழக்கியவர் செல்வம் மாஸ்டர். பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, மாலையில் எங்களோடு மல்லுக்கட்டு. குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கெல்லாம் தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். அணியிலேயே குள்ளம் நான்தான். குள்ளமானவர்களுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று மாஸ்டர் சொல்வார். அதைக் கேட்டால் இன்னும் கோபம் வரும்.

டெய்சி அதற்கு நேர் எதிர். காசிமேட்டுப் பெண். ஆறடியை எட்டிப் பிடிக்கும் உயரம். அவள் அம்மா பிலோமினா மீன் விற்பவர். ஐஸ் போட்ட மீன் பெட்டியை டெய்சி ஒரு கையால் இழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ரிங்குக்கு அடியில் அவள் கையில் பந்து வந்துவிட்டால் அதைப் பிடுங்க யாராலும் முடியாது. திரும்புவாள், எம்புவாள், போடுவாள், முடிந்தது. ஆனால் கோட்டில் தனியாக நிற்க வைத்துவிட்டால் கைகால் எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும்.

கட்டிப்பிடிக்கும் படை

இந்த விஷயம் ஊருக்குத் தெரிய எவ்வளவு நாள் ஆகும்? பெரம்பூர்ப் பக்கத்து அணி ஒன்றுதான் முதலில் கண்டுபிடித்தது. டெய்சி பந்தைத் தொட்டாலே ஒருத்தி ஓடிவந்து கையோடு கையாகக் கட்டிக்கொள்வாள். விசில். ஆட்டத்தின் கால் பங்கான ஒரு குவார்ட்டரில் அவர்களுடைய ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால் அடுத்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. டெய்சி இரண்டையும் விடுவாள். பந்து அவர்களுக்கு.

ஒரு ஆளுக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. அதனால் என்ன? பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருத்தியாக அனுப்பினார்கள். பந்தைப் பறிக்க முயலாமல் வெறுமனே பிடித்து நிறுத்தினால் தண்டனை கடுமை என்று விதி இருக்கிறது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கையைப் பந்து மேல் வைத்த மாதிரி வைத்து, மற்றொரு கையால் அவளை அமுக்கினார்கள். ரெஃப்ரி என்ன செய்வார்?

பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கோட்டுக்கு நடந்து போகும்போதே சிரிப்பு ஆரம்பிக்கும். கூட்டத்தைப் பார்த்துக் கத்துவேன். டெய்சி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பந்தை ஒருமுறை தரையில் தட்டுவாள், போடுவாள், அது 'டங்'கென்று ரிங்கில் மோதும்.

பிலோமினா ஆன்ட்டிதான் எல்லாரையும் மிஞ்சியவர். வியாபாரம் முடிந்து ஆட்டம் பார்க்க வந்தவர், முடிந்ததும் நேராக மகளிடம் போனார்.

"இன்னாடி இது? அவ்ளோ பேரு மேல வந்து வுழுந்தா போடற. ஒருத்தரும் கிட்ட வராம சும்மா நின்னு போடறதுக்கு நோவுதா உனுக்கு?"

"உனுக்குத் தெரியாதும்மா, வுடு."

"எனுக்கு இன்னா தெரியாது? நானும் பாத்துகினுதான கீறேன். வட்டமா கீது, பெருசா கீது, உள்ள போடு. அவ்ளோதான?"

அவ்வளவுதான்.

கடைசியில் செல்வம் மாஸ்டர் செய்தது எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான். ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் வந்தால் டெய்சியை எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அரையிறுதியையும் அப்படித்தான் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம்.

ஒரு வேலை வேண்டியிருந்தது

அரையிறுதிக்கு ஒரு அம்மையார் வந்திருந்தார். ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்தால் வேலை, சம்பளம், நிம்மதி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பந்தைக் கையில் எடுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. டெய்சிக்கு அந்த வருடத்தோடு வயது வரம்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மீன் பெட்டிதான். மீன் பெட்டி ஒன்றும் கேவலமில்லை. ஆனால் டெய்சிக்கு அது வேண்டாம். அவள் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்ன ஒரே விஷயம் அது.

அந்த அம்மையார் மாஸ்டரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உயரம் இருக்கு, கை இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் பெஞ்சுல உக்கார்ற பொண்ணுக்கு நான் எப்படி எழுதித் தர்றது? ஃபைனலுக்கும் வரேன். பாக்கலாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். டெய்சியும் நின்றாள். துண்டு இன்னும் அவள் தலையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். கண்ணை மூடிக்கொண்டு போடு என்றாள் ஒருத்தி. மூச்சைப் பிடித்துக்கொள் என்றாள் இன்னொருத்தி. இரண்டு கையாலும் கீழிருந்து வீசிப் பார் என்றார் மாஸ்டர். வீசினாள், பந்து போர்டைத் தாண்டிக் கருவேலம் புதரில் விழுந்தது. பிலோமினா ஆன்ட்டி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். எங்கள் அம்மா தன் பங்குக்கு அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை வேண்டிக்கொண்டார். இரண்டு சாமியும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்களோ என்னவோ, பந்து மட்டும் உள்ளே போகவில்லை.

நான் உட்கார்ந்த கல்

அந்த வாரம் எனக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கரை அரிப்பைத் தடுக்கக் கடலோரம் கொட்டும் கருங்கற்களில் ஒன்று லாரியிலிருந்து உருண்டு எங்கள் மைதானத்து இடது ஓரத்திலேயே தங்கிவிட்டிருந்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். டெய்சி போடவேண்டும், தவறின பந்தை நான் எடுத்துக் கொடுக்கவேண்டும். கால் வலிக்கிறவளுக்கு இந்த வேலையா என்று மாஸ்டரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

வெளிச்சம் மங்கும்வரை போட்டாள். கிளம்பும்போது மாஸ்டர் கேட்டார், "கால் எப்பிடிம்மா கீது? ரொம்ப நடந்துட்டியா?"

அப்போதுதான் உறைத்தது. நான் நடக்கவே இல்லை. கல்லைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அவள் போட்ட பந்தெல்லாம் ரிங்கின் இடது பக்கம் மோதி, நீளமாகத் தெறித்து, ஒருமுறை தரையில் குதித்து என் கைக்கே வந்துகொண்டிருந்தது.

"சார், இவ போடறத நாம திருத்தவே வேணாம்" என்றேன். "வுழறத எடுப்போம்."

மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, டெய்சியை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். இருட்டில் ரிங்கே தெரியவில்லை. பந்து மட்டும் என்னிடம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான திட்டம். எதிரணி அவளைக் கட்டிப்பிடிப்பது எதற்காக? பந்து சும்மா தங்களுக்கு வரும் என்பதற்காக. அது வராவிட்டால் கட்டிப்பிடிப்பதில் லாபமில்லை. லாபமில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டால் டெய்சி கடைசிவரை களத்தில் நிற்பாள். அந்த அம்மையார் பார்ப்பார்.

டெய்சிக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா மல்லி, நான் போடவே மாட்டேன்னு முடிவே கட்டிட்டீங்களா?"

"உனுக்கு வேல வேணுமா, வேணாவா?"

"வேணும்."

"அப்ப பேஜாரு பண்ணாத. நீ போடு, நான் எடுக்கறேன்."

அவள் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனாள். சில வாரங்கள் அதையே பழகினோம். அவள் போடுவாள், நான் இடது பக்கம் கோட்டுக்கு வெளியே நின்று, பந்து ரிங்கைத் தொட்டதும் பாய்வேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிடித்திருப்பேன்.

ஒரு பொட்டு காற்றில்லை

இறுதி ஆட்டத்துக்கு நகரத்துக்குள் போனோம். கூரை, மரத்தரை, கண்ணாடி போர்டு. எதிரணி தென்சென்னைப் பெண்கள். ஒரே நிறத்தில் பையும் செருப்பும். எங்களில் இரண்டு பேர் ஷூவே இரவல். பிலோமினா ஆன்ட்டி முன்வரிசையில், பிசுக்கே இல்லாத புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி அந்த அம்மையார்.

நினைத்த மாதிரியே கட்டிப்பிடிப்பு ஆரம்பித்தது. டெய்சி கோட்டில் நின்றாள். முதலாவது வீண். இரண்டாவதுக்கு நான் இடது பக்கம் தயாராக நின்றேன். பந்து 'டங்'கென்று மோதி வலது பக்கம் போனது. அங்கே எங்கள் ஆள் யாருமில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் கூடை போட்டார்கள்.

சரி, ஒருமுறை அப்படித்தான் என்று நினைத்தேன். அடுத்ததும் வலது பக்கம். அதற்கடுத்ததும். வாராவாரம் என் கைக்கு வந்த பந்து, இங்கே வந்ததும் என்னைத் தெரியாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. புள்ளி வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. மாஸ்டர் பெஞ்சைப் பார்த்தார். டெய்சி மாஸ்டரைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் டைம் அவுட் கேட்டார். எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றோம். எங்களில் ஒருத்தி பனியன் முனையைப் பிடித்து விசிறிக்கொண்டே சொன்னாள்: "இன்னா புழுக்கம்மே. ஒரு பொட்டு காத்து இல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

கடல்காற்று! எங்கள் மைதானத்தில் காற்று வலமிருந்து இடமாகத் தள்ளும். டெய்சி தன்னை அறியாமலே அதற்கு ஈடாகக் கொஞ்சம் வலது பக்கம் பார்த்துப் போடப் பழகியிருந்தாள். நாங்களெல்லாம் நாலாபக்கமிருந்தும் போடுகிறவர்கள், எங்கள் கை எந்த இடத்துக்கும் வளையும். அவளுக்குத் தூரத்திலிருந்து போடும் பந்து என்றால் இது ஒன்றுதான். அதை ஒரே ரிங்கில், ஒரே கோட்டில், ஒரே காற்றில் பழகியவள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இங்கே தள்ளிவிடக் காற்றில்லை, அதனால் பந்து அவள் பார்த்த வலது பக்கமே போகிறது. அத்தனை நாள் பழகிய நாங்கள் ஒருத்தராவது காற்றை நினைத்தோமா? கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.

மாஸ்டரைத் தனியே இழுத்துச் சொன்னேன். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"அவகிட்ட சொல்லாத" என்றார். "இந்நேரத்துல கைய மாத்தச் சொன்னா உள்ளதும் போயிடும். நீ எடத்த மாத்து."

மாற்றினேன். வலது பக்கம் போய் நின்றேன். டெய்சி கோட்டிலிருந்து திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். ஏன் இந்தப் பக்கம் என்று கேட்கிற பார்வை. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

பந்து என் கைக்கு வந்தது. அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், ரிங்குக்கு அடியில். இரண்டு புள்ளி. அடுத்த முறையும் அதேபோல். மூன்றாவது முறை நானே போட்டேன். எதிரணிப் பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். பிறகு கையை அசைத்தார். கட்டிப்பிடிப்பது நின்றது.

கடைசி ஐந்து நிமிடம் டெய்சி களத்தில் நின்றாள். நின்றாள் என்பது சாதாரண வார்த்தை. ஆடித் தீர்த்தாள். ஏறிப்போயிருந்த வித்தியாசம் இரண்டு புள்ளிக்கு வந்தது. கடைசி விநாடிகளில் ரிங்குக்கு அடியில் அவளுக்குப் பந்து கொடுத்தேன். திரும்பினாள், எம்பினாள். அவர்களுக்கு வேறு வழியில்லை. கையில் அடித்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ.

தொட்டால்தான் ஓடலாம்

முதலாவது வழக்கம்போல் வலது பக்கம் தெறித்து வீணானது. நான் அவளிடம் போனேன். தவறவிடு என்று ரெஃப்ரி காதுபடச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எப்பவும் போல போடு" என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை.

வலது பக்கம் கோட்டுக்கு வெளியே குனிந்து நின்றேன். பந்து ரிங்கைத் தொட்ட பிறகுதான் நான் ஓடலாம் என்பது விதி.

அவள் தரையில் ஒருமுறை தட்டினாள். போட்டாள்.

பந்து ரிங்கைத் தொடவே இல்லை. வலையை மட்டும் உரசிக்கொண்டு நேராக இறங்கியது.

நான் இரண்டு கையையும் நீட்டியபடி அங்கேயே நின்றேன். முன்வரிசையில் பிலோமினா ஆன்ட்டி நாற்காலி மேல் ஏறிவிட்டார். "போட்டுட்டா! எம்பொண்ணு போட்டுட்டா!" என்று அரங்கம் அதிரக் கத்தினார். எதிரணிப் பெண்கள் பந்தை எடுத்து வெளியிலிருந்து உள்ளே கொடுத்தார்கள். மணி அடித்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஷேர் ஆட்டோவில்

வாசலில் மாஸ்டர் வேகமாக வந்து எங்களைப் பிடித்தார். அந்த அம்மையார் போகும்போது அவரிடம், "கடைசி வரைக்கும் அந்தப் பொண்ண எறக்கியே வச்சிருந்தீங்க. அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாஸ்டர் குரல் முதல்முறையாக உயர்ந்திருந்தது. ஆர்டர் கைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது என்றாலும், வேலை அன்றைக்கே நிச்சயமானது மாதிரிதான்.

ஷேர் ஆட்டோவில் ஆன்ட்டி நடுவில் உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் கோப்பை போன கோபம் தணியவில்லை.

"இன்னாமே, மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? எம்பொண்ணு போட்டாளா இல்லியா?"

"போட்டா ஆன்ட்டி. அதனாலதான் தோத்தோம்."

ஆன்ட்டி கையை உதறினார். "இன்னா ஆட்டமோ போ. போட்டா தோப்பாங்களாம்."

டெய்சி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ எடம் மாறி நின்னப்பவே எனுக்குப் புரிஞ்சிச்சு மல்லி. இங்க காத்து இல்லன்னு."

"புரிஞ்சும் அவ்ளோ நேரம் தப்பாவே போட்ட?"

"நீதான் எடுத்துகினு இருந்தியே. ஆட்டம் நல்லாப் போய்கினு இருந்திச்சு. வுட்டுட்டேன்."

"அப்ப கடைசி மட்டும்?"

"எப்பவும் போல போடுன்ன. எப்பவும் போலன்னா இன்னா? தப்பாத்தான? எங்கம்மா எதுர்ல குந்திகினு கீது. ஒரே ஒரு தபா யாரும் எடுத்துக் குடுக்காம நானே போடணும்னு இருந்திச்சு. நேராப் பாத்துப் போட்டேன்."

ராயபுரம் பாலம் தாண்டியதும் மீன் வாசனை வந்தது. காசிமேட்டில் ஆன்ட்டி இறங்கினார். டெய்சி இறங்கி, கதவே இல்லாத ஆட்டோவுக்குள் தலையை நுழைத்தாள்.

"நாளைக்கு கிரவுண்டுக்கு வருவல்ல?"

"வருவேன்" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டே. "நீ போடு, நான் எடுக்கறேன்."

"எந்தப் பக்கம் நிப்ப?"

ஆட்டோ கிளம்பி, தண்டையார்பேட்டை திருப்பம் தாண்டிய பிறகுதான் சிரித்தேன். அவள் எதிரில் சிரித்திருந்தால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாளே.